கரை கண்ட கடற்படை: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பும் படையின் மீண்டெழும் ஆற்றலும்

ஆய்வுச்சுருக்கம்

புயலாலும் போராலும் சிதைந்த கடற்படை மீண்டெழுவதற்கு எவை துணைநிற்கின்றன என்னும் வினாவை, பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. திருக்குறளின் படைமாட்சி அதிகாரம் படையின் தோல்விக்கு வழிவகுக்கும் மூன்று குறைகளாகச் சிறுமை, நீங்காத் துனி, வறுமை ஆகியவற்றைச் சுட்டுகிறது. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு லபூர்தொனே, தஷே, சுஃப்ரேன் ஆகிய மூன்று பிரெஞ்சுத் தளபதிகளின் படைகளும், 1761ஆம் ஆண்டுப் புயலில் சிக்கிய ஆங்கிலேயப் படையும் ஒப்பிடப்படுகின்றன. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு கரையிலிருந்து எழுதப்பட்டது என்பதே அதன் தனிச்சிறப்பு என்றும், மீண்டெழும் ஆற்றலின் வேர் கப்பலில் இருப்பதைக் காட்டிலும் கரையோடு கொண்ட உறவில் இருக்கிறது என்பதற்கு அது சான்றாகிறது என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஆனந்தரங்கப் பிள்ளை, நாட்குறிப்பு, புதுச்சேரி, கடற்படை, படைமாட்சி, மீண்டெழும் ஆற்றல், சோழமண்டலக் கரை.

முன்னுரை

படையின் வலிமையை அளப்போர் கப்பல்களையும் பீரங்கிகளையும் வீரர்களையும் எண்ணிப் பார்ப்பது வழக்கம். போருக்கு முந்தைய நாளின் வலிமையை அறிய இக்கணக்கு போதுமானது. போருக்கு மறுநாள் அப்படை எந்நிலையில் இருக்கும் என்பதை அது சொல்லாது. பாய்மரம் முறிந்து, குடிநீர் தீர்ந்து, மாலுமிகளில் ஒரு பகுதியினர் மாண்டு, மற்றொரு பகுதியினர் நோயுற்றுக் கிடக்கும்போது அப்படை எத்தனை நாளில் மீண்டும் கடலேறும் என்பதே நெடும்போரின் முடிவைத் தீர்மானிக்கிறது. இன்றைய படையியலில் பெரிதும் பேசப்படும் மீண்டெழும் ஆற்றல் என்னும் கருத்து இதனையே குறிக்கிறது.

இக்கருத்து தமிழ் மரபுக்குப் புதிதன்று. திருக்குறளின் எழுபத்தேழாம் அதிகாரமான படைமாட்சி, வென்ற படையை மட்டும் எண்ணிப் பேசவில்லை. அழிவு நேர்ந்து தன் தொகை குறைந்த வேளையிலும் அஞ்சாது நிற்கும் திறம், வழிவழியாக வந்த தொல்படைக்கன்றி வாய்த்தல் அரிது என்கிறது. படைக்குக் காவலாகும் பண்புகளை எண்ணும் இடத்தில் மறம், மானம், நல்வழிச் செலவு ஆகியவற்றோடு தேற்றத்தையும் சேர்க்கிறது. அரசனால் நம்பித் தெளியப்படுதல் என்பது அதன் பொருள். சிறுமை, நீங்காத் துனி, வறுமை ஆகிய மூன்றும் இல்லாத படையே வெல்லும் என்று மற்றொரு குறள் வரையறுக்கிறது. சிறுமை என்பது படை தேய்ந்து சிறிதாதல். துனி என்பது மனத்தை விட்டு நீங்காத வெறுப்பு. வறுமை என்பது பொருளின்மை.

வள்ளுவர் கடற்படையைத் தனித்துக் குறிப்பிடவில்லை. ஆயினும் சிதைவிலிருந்து மீளும் படையை ஆராய்வதற்கு இம்மூன்று குறைகளும் பொருத்தமான அளவுகோலாக அமைகின்றன. இவற்றைக் கொண்டு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் அது சார்ந்த புதுச்சேரிக் கடற்போர் வரலாற்றையும் மறுவாசிப்புச் செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரையிலிருந்து எழுதப்பட்ட சான்று

1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, புதுச்சேரியில் வணிகராக உயர்ந்து, ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாசியாக விளங்கியவர். 1736 செப்டம்பர் 6 முதல் அவர் எழுதிவந்த தினப்படிச் சேதிக்குறிப்பு, அவர் இறந்த 1761ஆம் ஆண்டு வரையிலான கால்நூற்றாண்டு நிகழ்வுகளைத் தாங்கியது. 1846இல் கல்வா மொம்பிரேன் இக்குறிப்பேடுகளைக் கண்டறிந்து வெளியுலகிற்கு அறிமுகப்படுத்தினார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு பன்னிரண்டு தொகுதிகளாக இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. பிரபஞ்சன் இதனை அடிப்படையாகக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய புதினங்களைப் படைத்தார். பின்னது 1995ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது.

நாட்குறிப்பைப் பயின்றோர் பெரும்பாலும் அதன் சமூக வரலாற்றுச் செய்திகளையும், பேச்சுவழக்கோடு பிறமொழிச் சொற்கள் கலந்த அதன் நடையையும், துய்ப்ளேயின் ஆட்சி பற்றிய சித்திரிப்பையும் முதன்மைப்படுத்தினர். கடற்படை வரலாற்றுக்கான சான்றாக அதனைக் காணும்போது ஓர் ஐயம் எழுவது இயல்பு. பிள்ளை மாலுமியும் அல்லர், படைவீரரும் அல்லர். கடற்போர்கள் எவற்றையும் அவர் கப்பலின் மேல்தளத்தில் நின்று கண்டவரல்லர். செய்தி கரைக்கு வந்தபின்னரே அவர் எழுதினார்.

இந்த வரம்பே நாட்குறிப்பின் வலிமையாகவும் அமைகிறது. தமிழ் ஆண்டும் மாதமும் நாளும், அவற்றோடு ஐரோப்பியத் தேதியும் இட்டு அவர் எழுதிய பதிவுகளில் கப்பல் வருகையும் புறப்பாடும் இடையறாது இடம்பெறுகின்றன. எக்கப்பலுக்கு எத்தனை மரியாதை வேட்டு முழங்கியது, அதில் வந்த சரக்கு எது, யார் வந்திறங்கினர், ஆளுநர் அன்று எந்த மனநிலையில் இருந்தார் என்பன போன்ற செய்திகளை அவர் விடாது குறித்தார். கப்பல் வணிகத்தில் தாமும் ஈடுபட்டவராதலால், கப்பல் என்பது கரையின் பணத்தாலும் பண்டத்தாலும் ஆள்களாலும் இயங்குவது என்பதை அவர் அறிந்திருந்தார். போர்த்தளபதியின் அறிக்கை சண்டை நடந்த பொழுதைப் பேசுகிறது. நாட்குறிப்போ சண்டைக்கு முன்னும் பின்னும் கடந்த மாதங்களைப் பேசுகிறது. படை மீண்டெழுவதும் எழாமற்போவதும் அம்மாதங்களில்தான் முடிவாகின்றன.

வறுமை: துறைமுகம் இல்லாத பட்டினம்

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில், திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆள்களையும் சரக்கையும் அலைகளைக் கடந்து ஏற்றி இறக்கியவை சலங்கு என்னும் படகுகள். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய இப்படகுகள், கரையில் மோதும் அலைக்கு வளைந்துகொடுத்து உடையாமல் நின்றன. ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் தாங்குவதில்லை. ஆகவே பிரெஞ்சுப் படையாயினும் ஆங்கிலேயப் படையாயினும் இக்கரையில் ஒரு பீப்பாய் நீரைக் கப்பலுக்கு ஏற்ற வேண்டுமானாலும் உள்ளூர்ப் படகுக்காரரின் கையையே எதிர்பார்த்தது.

இரண்டாவது குறை பருவம் சார்ந்தது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் கப்பல்கள் நிற்பது பேரிடருக்கு இடமாகும். அக்டோபர் தொடங்கியதும் படைகள் கரையை விட்டு அகன்று வேறிடத்தில் ஒதுங்க வேண்டியிருந்தது. அந்த ஒதுங்கிடமே சிதைந்த கப்பல்களைச் செப்பனிடும் இடமும் ஆயிற்று. ஆங்கிலேயருக்குப் பம்பாய் இருந்தது. 1736 முதல் லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் தலைமையில் கப்பல் கட்டும் தொழில் அங்கே வளர்ந்தது. 1750இல் உலர்துறையும் அமைந்தது. பிரெஞ்சுக்காரருக்கு இருந்தது மொரீசியசு. அவர்கள் அதனை ஈல் தெ பிரான்ஸ் என்றனர். நல்ல துறை உடையதாயினும் அத்தீவு பெரும்படைக்குச் சோறிடும் வளம் பெற்றிருக்கவில்லை. அங்கிருந்து சோழமண்டலக் கரைக்கு வருவதற்கே பல வாரங்கள் பிடித்தன.

பிரெஞ்சுப் படையின் வறுமை, பணமின்மை என்பதோடு முடிவதன்று. செப்பனிடும் துறையும், உணவு கிடைக்கும் நிலமும், போர்க்களமும் ஒன்றுக்கொன்று தொலைவில் கிடந்தன. இத்தொலைவை நிரப்பவல்லது கரையிலிருந்தோரின் ஒத்துழைப்பு ஒன்றே. 1746இல் அதுதான் முறிந்தது.

துனி: 1746ஆம் ஆண்டின் லபூர்தொனே படை

1746ஆம் ஆண்டின் முற்பகுதியில் லபூர்தொனே திரட்டிய படை, தொல்படை எனத்தக்கதன்று. அரசுப் போர்க்கப்பலாக அமைந்தது அஷீல் ஒன்றே. ஏனையவை வணிகக் கும்பினியின் சரக்குக் கப்பல்கள்; பீரங்கி ஏற்றிப் போருக்கு ஆயத்தமாக்கப்பட்டவை. புறப்பட்ட சில நாள்களிலேயே மடகாஸ்கர் அருகே புயல் தாக்கியது. பாய்மரங்கள் முறிந்த கப்பல்கள் அந்தோங்கில் விரிகுடாவில் ஒதுங்கின. அங்கே துறையும் இல்லை, பட்டறையும் இல்லை. லபூர்தொனே காட்டில் மரம் வெட்டுவித்து, சதுப்பு நிலத்தின் வழியே இழுத்துவரச் செய்து, பாய்மரம் அமைத்து, கயிறு திரித்து, பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலையையும் முடித்தார். சில வாரங்களில் படை மீண்டும் கடலேறியது. ஜூலை 6ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கு அருகில் பெய்ட்டன் தலைமையிலான ஆங்கிலேயப் படையைச் சந்தித்துப் பொருதது. ஆங்கிலேயப் படை பின்னர் வங்கத்துக்கு ஒதுங்கியது. செப்டம்பர் 21இல் சென்னை வீழ்ந்தது.

மீண்டெழும் ஆற்றலுக்கு அந்தோங்கில் சிறந்த எடுத்துக்காட்டு என்பதில் ஐயமில்லை. அதே தளபதியும் அதே மாலுமிகளும் அடங்கிய அப்படை அவ்வாண்டின் அக்டோபரில் சந்தித்த இரண்டாம் புயலிலிருந்து அவ்வாறு எழவில்லை. அக்டோபர் 13ஆம் நாள் இரவு சென்னைக் கடலில் நின்ற கப்பல்களைப் புயல் சிதைத்தது. ட்யூக் தோர்லெயான் மூழ்கியது. வேறு பல கப்பல்கள் பாய்மரமிழந்து மிதந்தன. மாண்டோர் மிகப் பலர். இம்முறை உதவிக்கு அருகிலேயே புதுச்சேரி இருந்தது. காடும் சதுப்பும் தர முடிந்ததைப் பிரெஞ்சு ஆட்சியின் தலைநகரம் தர இயலாமற்போனது ஏன் என்பதே இங்கு எழும் வினா.

நாட்குறிப்பு இவ்வினாவுக்கு விடை தருகிறது. ஜூலையில் லபூர்தொனே புதுச்சேரிக்கு வந்திறங்கிய நாள் தொட்டு, மரியாதை வேட்டு, காவல் அணிவகுப்பு, முன்னுரிமை ஆகியன குறித்து அவருக்கும் துய்ப்ளேக்கும் இடையே எழுந்த மனத்தாங்கலைப் பிள்ளை பதிவு செய்கிறார். படை வரலாற்று நூல்கள் இதனைச் சிறுபூசலாகக் கருதி ஒரு வரியில் கடந்துவிடக்கூடும். நாட்குறிப்பில் இச்சிறு செய்திகள் நாளடைவில் திரண்டு பெருகுகின்றன. சென்னை வீழ்ந்தபின் அந்நகரைப் பதினொரு லட்சம் வராகன் மீட்புத்தொகைக்குத் திருப்பித் தருவதாக லபூர்தொனே வாக்களித்ததும், துய்ப்ளே அதனை ஏற்க மறுத்ததும் பகையை வெளிப்படையாக்கின. கப்பற்தலைவர்களுக்கு இருவேறு இடங்களிலிருந்து முரண்பட்ட கட்டளைகள் சென்றன. புயல் வந்தபோது படையைச் செப்பனிடுவதற்கான பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதே தீராத வழக்காக இருந்தது.

கப்பல்களைப் புயல் உடைத்தது. ஆனால் அவற்றை ஒட்டவைக்கும் கைகளைத் துனி அதற்கு முன்பே பிரித்துவிட்டது. லபூர்தொனே சோழமண்டலக் கரையை விட்டகன்று, பின்னர் பிரான்சில் பஸ்தீய் சிறையில் அடைபட்டார். 1751இல் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். 1748இல் பாஸ்கவெனின் பெரும்படை புதுச்சேரியை முற்றுகையிட்டபோது அந்நகரைக் காக்கக் கடற்படை இல்லை. கோட்டையும், ஆழமற்ற கடலும், முற்றுகையிட்டோரைப் பிடித்த நோயும், நெருங்கிவந்த மழைக்காலமுமே அன்று நகரைக் காத்தன.

சிறுமை: தஷேயின் பின்வாங்கல்

1758 ஏப்ரலில் லாலியை ஏற்றிவந்த தஷேயின் படை, போக்காக் தலைமையிலான ஆங்கிலேயப் படையோடு மூன்று முறை மோதியது. ஏப்ரல் 29இல் கடலூருக்கு அருகிலும், ஆகஸ்டு 3இல் நாகப்பட்டினத்துக்கு அருகிலும், 1759 செப்டம்பர் 10இல் புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள கடலிலும் இப்போர்கள் நடந்தன. எந்தப் போரிலும் ஒரு தரப்பு மற்றொரு தரப்பின் போர்க்கப்பலைக் கைப்பற்றவில்லை. முதல் போருக்குப்பின் பியெனேமே என்னும் பிரெஞ்சுக் கப்பல் கரைதட்டி அழிந்தது. மூன்றாம் போரில் பிரெஞ்சுப் படை பதினொரு கப்பல்களோடும் ஆங்கிலேயப் படை ஒன்பது கப்பல்களோடும் நின்றன. எண்ணிக்கை மட்டுமே வலிமையாக இருந்திருப்பின் சோழமண்டலக் கரை பிரெஞ்சுக்காரருடையதாக இருந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு போருக்குப் பின்னும் இரு படைகளும் சிதைந்தன. போக்காக் பம்பாயில் செப்பனிட்டுக்கொண்டு மீண்டார். தஷே மொரீசியசுக்குச் சென்றார். அங்கே உணவுப் பற்றாக்குறையால் கப்பல்களை நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பித் தானியம் கொணர வேண்டியிருந்தது. 1758 செப்டம்பரில் கரையை விட்டுச் சென்ற படை ஓராண்டு கழித்தே திரும்பியது. வந்ததும் இரண்டு வாரங்களில் மீண்டும் புறப்பட்டுவிட்டது. புதுச்சேரியின் ஆலோசனைச் சபை எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தது. நகரின் அழிவுக்கு அவரே பொறுப்பாவார் என்றது. அதற்குப் பின் அப்படை புதுச்சேரிக்கு வரவேயில்லை.

தஷேயை மல்லிசன் முதலிய வரலாற்றாசிரியர்கள் கோழையென்றும் திறமற்றவரென்றும் பழித்தனர். அப்பழி முழுவதும் நியாயமானதன்று. மூன்று போர்களிலும் அவர் நேருக்கு நேர் நின்று பொருதார். அவருக்கு இல்லாமற்போனது போரிடும் துணிவைக் காட்டிலும் தங்கியிருக்கும் துணிவு எனலாம். கரை தன்னைத் தாங்கும் என்று அவர் நம்பவில்லை. லாலிக்கும் அவருக்குமிடையே நல்லுறவு இல்லை. புதுச்சேரிக் கருவூலத்தில் பணமும் இல்லை. படை கரையை நம்பாதபோது ஒவ்வொரு சிதைவும் அதனைக் கரையிலிருந்து மேலும் தொலைவுக்குத் தள்ளியது. குறள் சுட்டும் சிறுமை இங்கே அழிவால் நேர்ந்ததன்று, அகல்தலால் நேர்ந்தது. கப்பல்கள் மிதந்துகொண்டிருந்தன. ஆயினும் புதுச்சேரியைப் பொறுத்தவரை கடற்படை இல்லாமற்போயிற்று.

1761 ஜனவரிப் புயல்

1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் லாலி தோற்றபின் புதுச்சேரி முற்றுகைக்கு உள்ளானது. உணவு குன்றியபோது நகரிலிருந்த தமிழ்மக்களை லாலி வெளியேற்றினார். அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் ஆயிரத்து நானூற்றுவர் எனவும், முற்றுகையிட்டோரும் அவர்களைக் கடந்துசெல்ல விடாமல் தடுத்ததால் இரு படைகளுக்கும் இடையே பல நாள்கள் கிழங்கும் வேரும் தேடித் தின்று கிடந்தனர் எனவும் ஓர்ம் எழுதியுள்ளார். படகோட்டியும் சுமைதூக்கியும் மரம் அறுத்தும் நூறு வகையால் படையைத் தாங்கிய கரைமக்களை, உண்ணும் வாய்கள் என்ற ஒரே கணக்கில் எடைபோட்ட செயல் இது. கடற்படை வந்திருப்பினும் அதனை ஏற்றுத் தாங்கும் கரை அன்று அங்கே எஞ்சியிருக்கவில்லை.

1761 ஜனவரி முதல் நாள் புதுச்சேரிக்கு எதிரே நின்ற ஆங்கிலேயப் படையைப் புயல் தாக்கியது. ட்யூக் தக்கித்தேன், சண்டர்லாந்து ஆகிய கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நியூகாசில், குயின்பரோ, புரொடெக்டர் ஆகியன அரியாங்குப்பத்துக்கு அருகில் கரையில் மோதின. முற்றுகை முறிந்தது என்றே நகரிலிருந்தோர் எண்ணினர். தளபதி ஸ்டீவன்ஸ் நங்கூரக் கயிற்றை அறுத்துக்கொண்டு தம் கப்பலைக் கடலுக்குள் செலுத்தித் தப்பியிருந்தார். சில நாள்களிலேயே அவர் திரும்பினார். பிற கப்பல்களும் வந்து சேர்ந்தன. ஒரு வாரத்துக்குள் கடல்வழி மீண்டும் அடைபட்டது. அம்மாத நடுவில் நகரம் சரணடைந்தது. அதற்கு அண்மைய நாள்களில் பிள்ளையும் காலமானார்.

1746 அக்டோபர்ப் புயலையும் 1761 ஜனவரிப் புயலையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது இக்கட்டுரையின் மையக் கருத்து தெளிவாகிறது. இரண்டும் ஒரே கரையில், முற்றுகையிலோ வெற்றிக் களிப்பிலோ இருந்த படைகளைத் தாக்கியவை. இரண்டிலும் உயிரிழப்பு மிகுதி. முதல் படை கலைந்தது; இரண்டாம் படை ஒரு வாரத்தில் கூடியது. இரண்டாம் படையின் மரங்கள் உறுதியானவை என்பதால் அவ்வாறு நேரவில்லை. கடலில் இருந்த தளபதிக்கும் நிலத்தில் இருந்த தளபதிக்கும் நோக்கம் ஒன்றாக இருந்தது. சென்னை அருகில் இருந்தது. எஞ்சிய கப்பல்கள் எங்கே கூட வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. குறள் கூறும் தேற்றம் அப்படையிடம் இருந்தது.

சுஃப்ரேன்: புதுச்சேரி இல்லாத பிரெஞ்சுப் படை

மேற்கண்ட முடிவை ஒரு மறுதலை எடுத்துக்காட்டால் சோதிக்கலாம். 1778 அக்டோபரில் புதுச்சேரி மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1782இல் சுஃப்ரேன் சோழமண்டலக் கரைக்கு வந்தபோது பிரெஞ்சுப் படைக்கு இக்கரையில் சொந்தப் பட்டினம் ஒன்றும் இல்லை. ஆயினும் பிப்ரவரி 17இல் சதுரங்கப்பட்டினம் கடலிலும், ஏப்ரல் 12இல் இலங்கையின் கிழக்குக் கரையிலும், ஜூலை 6இல் நாகப்பட்டினத்துக்கு அருகிலும், செப்டம்பர் 3இல் திருகோணமலைக்கு அருகிலும், 1783 ஜூன் 20இல் கடலூருக்கு எதிரிலும் அப்படை ஹியூஸின் ஆங்கிலேயப் படையோடு பொருதது. மொரீசியசுக்கு ஒருமுறையும் அது திரும்பவில்லை.

நாகப்பட்டினப் போருக்குப் பின் சுஃப்ரேன் கடலூரில் தங்கினார். சிறுகப்பல்களின் மரங்களையும் கைப்பற்றிய கப்பல்களின் மரங்களையும் கழற்றிப் பெரிய கப்பல்களுக்கு அமைத்தார். வீடுகளின் மரங்களும் பயன்படுத்தப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஐதர் அலி அளித்த தானியமும் ஆடுமாடும் படைக்கு உணவாயின. ஜூலை இறுதியில் சுஃப்ரேன் ஐதரை நேரில் சந்தித்தார். ஆகஸ்டு தொடக்கத்தில் படை கடலேறியது. அம்மாத இறுதியில் திருகோணமலை கைப்பற்றப்பட்டது. ஹியூஸ் சென்னையில் செப்பனிட்டுக்கொண்டு சில நாள் தாமதமாகவே அங்கு வந்தார். அவ்வாண்டு மழைக்காலத்தைச் சுஃப்ரேன் சுமத்திராவின் அச்சேவில் கழித்தார். 1783இல் மாலுமிகள் குறைந்தபோது கடலூரில் முற்றுகைக்குட்பட்டிருந்த புஸ்ஸி ஆயிரத்திருநூறு வீரர்களைக் கப்பலுக்கு அனுப்பினார். அவர்களுள் பாதியளவினர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களைக் கொண்டு பதினைந்து கப்பல்கள் பதினெட்டை எதிர்த்து நின்றன. ஆங்கிலேயப் படையே கரையை விட்டு விலகியது.

1758இல் புதுச்சேரி இருந்தும் படை நிலைக்கவில்லை. 1782இல் புதுச்சேரி இல்லாமலே படை நிலைத்தது. ஆகவே மீண்டெழும் ஆற்றல் கோட்டைச் சுவரைச் சார்ந்ததன்று. 1890இல் வெளிவந்த கடலாதிக்கம் பற்றிய தம் நூலில் மஹான், சுஃப்ரேன் திருகோணமலையைக் கைப்பற்றியதைத் தளம் தேடும் போர்நுட்பமாகப் பாராட்டினார். அது உண்மையே. ஆனால் தளம் என்பதை வரைபடத்தில் காணும் ஓர் இடமாக மட்டும் கருதினால், அவ்விடம் கிடைப்பதற்கு முன்பு கடலூரில் கழிந்த ஜூலை மாதத்தை விளக்க இயலாது. சரியான துறை இல்லாத கடலூரைத் தளமாக்கியவை ஐதரின் தானியமும், படகுக்காரரின் உழைப்பும், வீடுகளின் மரமும் ஆகும்.

சுஃப்ரேனின் படையும் துனிக்கு விலக்கன்று. தம் கப்பற்தலைவர்கள் பலரை அவர் நம்பவில்லை. அவர்களும் அவரை விரும்பவில்லை. செப்டம்பர்ப் போருக்குப் பின் நால்வர் படையை விட்டுச் சென்றனர். போரின் நடுவே கப்பல்கள் முழுமையாக ஒத்துழைக்காததால் அவருக்கு முழுவெற்றி கைகூடவில்லை. கரையோடு கொண்ட உறவால் அவர் மீண்டெழுந்தார். தம்முள் இருந்த துனியால் வெல்லாமல் நின்றார். குறள் வறுமையோடு துனியையும் தனித்து எண்ணியதன் நுட்பம் இங்கு விளங்குகிறது. ஒன்று நீங்கினால் மற்றொன்று தானே நீங்குவதில்லை.

நாட்குறிப்பின் எல்லைகள்

ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்புகளைச் சான்றாக ஏற்கும்போது அவற்றின் சார்புகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். முதலாவது, 1746ஆம் ஆண்டுப் பூசலில் அவர் நடுநிலையில் நின்றவரல்லர். அவருடைய உயர்வு துய்ப்ளேயின் கையில் இருந்தது. லபூர்தொனேயின் நியாயம் அவருடைய பக்கங்களில் முழுமையாக ஒலிக்கும் என எதிர்பார்க்க இயலாது. பூசலில் யார் பக்கம் நியாயம் என்பதற்கு நாட்குறிப்பு வலுவற்ற சான்று. பூசல் எவ்வாறு நாள்தோறும் வளர்ந்தது என்பதற்கு அது வலுவான சான்று. இவ்விரண்டையும் பிரித்தறிதல் ஆய்வாளர் கடன்.

இரண்டாவது, நன்மை தீமைகளை நாள், கோள், நல்லூழ் ஆகியவற்றோடு இணைத்துப் பார்ப்பது அவர் இயல்பு. புயலும் தோல்வியும் ஊழின் செயலாகும்போது மனிதர் பொறுப்பு மங்கிவிடுகிறது. ஆயினும் அதே பக்கங்களில் யார் யாரிடம் என்ன கூறினார் என்பதையும் அவர் எழுதிவிடுவதால், ஊழ் என அவர் முடித்த இடத்தில் காரணம் தேட வாசகர்க்கு வழி இருக்கிறது.

மூன்றாவது குறை மிகப் பெரியது. சலங்கு செலுத்தியோர், கலப்பற்று வேலை செய்தோர், பாய் தைத்தோர், நீர்ப்பீப்பாய் சுமந்தோர் ஆகியோர் நாட்குறிப்பில் பெயரும் முகமும் பெற்ற மாந்தராக அரிதாகவே தோன்றுகின்றனர். பெருவணிகர், துபாசி, துரைமார் ஆகியோரின் கரையே பிள்ளையின் கரை. கடற்படையை உண்மையில் தாங்கிய கரையோ அதற்கும் கீழே இருந்தது. 1760இல் நகருக்கு வெளியே தள்ளப்பட்டோரைப் பற்றிய எண்ணிக்கையை ஓர்ம் என்னும் ஆங்கிலக் கும்பினி வரலாற்றாசிரியரின் நூல் வழியே அறிய நேர்வது இவ்வரலாற்றின் வெறுமையைக் காட்டுகிறது. 1778 முதல் 1792 வரையிலான இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பு உள்ளிட்ட பிற புதுச்சேரிக் குறிப்புகளையும் இந்நோக்கில் ஒருங்கே பயில்வது இவ்வெற்றிடத்தை ஓரளவேனும் நிரப்ப உதவும்.

முடிவுரை

லபூர்தொனே மடகாஸ்கரில் மீண்டெழுந்து சென்னையில் வீழ்ந்தார். தஷே போரில் தோற்காமலே கரையை இழந்தார். ஸ்டீவன்ஸ் பெரும்புயலுக்குப் பின் ஒரு வாரத்தில் திரும்பினார். சுஃப்ரேன் பட்டினம் ஒன்றுமின்றி ஓராண்டுக்கு மேல் இக்கரையில் நின்றார். இந்நான்கு நிகழ்வுகளையும் ஒப்பிடும்போது, சிதைவின் அளவுக்கும் மீட்சியின் வேகத்துக்கும் நேரடித் தொடர்பில்லை என்பது புலனாகிறது. சிதைவுக்கு முன்பே படைத்தலைவர்களுக்கு இடையிலும், படைக்கும் கரைக்கும் இடையிலும் நிலவிய நம்பிக்கையே மீட்சியை முடிவு செய்தது.

சிறுமை, துனி, வறுமை ஆகிய மூன்று குறைகளுள் வறுமையைக் கருவூலம் தீர்க்கக்கூடும். சிறுமையைப் புதிய கப்பல் தீர்க்கக்கூடும். துனியைப் போர் வந்தபின் தீர்க்க வழியில்லை. ஆகவே மீண்டெழும் படையை உருவாக்குதல் என்பது போருக்கு முந்தைய அமைதி நாள்களின் பணியாகும். மரியாதை வேட்டில் ஒன்று குறைந்ததற்கான மனத்தாங்கலையும் விடாது குறித்துவைத்த புதுச்சேரித் துபாசியின் நாட்குறிப்பு, அப்பணி எங்கே தவறியது என்பதைக் காட்டும் சான்றாக விளங்குகிறது.

இதனோடு மற்றொன்றும் உரைக்கத்தக்கது. படையின் மீட்சிக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் கரையில் இருப்பவரே. கடலூரில் வீடு இழந்தோரும், புதுச்சேரியின் வாயிலுக்கு வெளியே இரு படைகளுக்கும் நடுவே கிடந்தோரும் எந்த வெற்றிப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. கடற்படையின் ஆற்றலைப் பற்றிய ஆய்வு அவர்களையும் கணக்கில் கொள்ளும்போதே முழுமை பெறும்.